ஆண்டு மதிப்பும் விழுக்காடும்: பினாங்கின் மதிப்பீட்டு வரி

மலேசியாவின் பினாங்குத் தீவு மாநகர் மன்றத்தின் வருமானம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், வாகன நிறுத்தக் கட்டணத்தையும் அபராதச் சம்மனையும்தான் பலர் முதலில் சொல்வார்கள். உண்மையில் அதன் பெரும்பங்கு, பிப்ரவரி, ஆகஸ்டு மாத இறுதிகளுக்குள் வீடு, கடை உரிமையாளர்கள் செலுத்தும் மதிப்பீட்டு வரியிலிருந்தே வருகிறது. நில வரி வேறு; அது மாநில அரசுக்குச் செல்வது.

முன்பு நிலைமை இப்படி இருக்கவில்லை. 1957 ஜனவரி 1 அன்று தீவின் முதன்மை நகரான ஜார்ஜ்டவுன் மாநகர் தகுதி பெற்று, டி. எஸ். இராமநாதன் அதன் முதல் மேயரான காலத்தில், மன்றமே மின்சாரம் விற்றது, குடிநீர் வழங்கியது, பேருந்துகளையும் ஓட்டியது. 1970களில் குடிநீரும் மின்சாரமும், பின்னாளில் பேருந்துகளும் மன்றத்தின் கையை விட்டுப் போயின. அதற்கு முன்பே, 1965இல், ஊராட்சி (உள்ளாட்சி) மன்றத் தேர்தல்கள் நிறுத்தப்பட்டுவிட்டன. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின்படி கவுன்சிலர்களை நியமிப்பது மாநில அரசு, மன்றம் கடன் வாங்குவதற்கும் அதன் இசைவு வேண்டும். 2014இல் தங்கும் விடுதிகளில் அறைக்கு ஓர் இரவுக்கு 2 அல்லது 3 வெள்ளி (ரிங்கிட்) என விதிக்கத் தொடங்கிய கட்டணம் போன்ற புதிய வழிகள் சில வந்தாலும், வடிகாலுக்கும் குப்பைக்கும் தெருவிளக்குக்கும் மன்றம் முதன்மையாக நம்பியிருப்பது நம் வீட்டு வரியைத்தான்.

அந்த வரி இரண்டு எண்களின் பெருக்கல். ஒரு வீட்டை வாடகைக்கு விட்டால் ஓராண்டில் எவ்வளவு கிடைக்கக்கூடும் என்ற மதிப்பீடு முதல் எண். அதை ஆண்டு மதிப்பு என்கிறார்கள். மன்றம் நிர்ணயிக்கும் விழுக்காடு இரண்டாவது. சட்டம் இதற்கு 35 என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. ஆண்டு மதிப்பு 6,000 வெள்ளி, விழுக்காடு 8 என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 480 வெள்ளி, அரையாண்டுக்கு 240. ஊரிலுள்ள எல்லா வீடுகளின் மதிப்பும் இரு மடங்காகி, விழுக்காடு 4 ஆகக் குறைக்கப்பட்டால், எவருடைய வரியும் ஒரு காசுகூட மாறாது. ஆகவே மறுமதிப்பீடு தன்னளவில் வரி உயர்வு அன்று. யார் எவ்வளவு சுமப்பது என்பதைத் திருத்தும் கணக்கு.

இந்தத் திருத்தத்தை ஐந்தாண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டும் என்கிறது சட்டம். கூடவே, மாநில அரசு அந்தக் காலத்தை நீட்டிக்கலாம் என்றும் சொல்லிவிடுகிறது. தீவில் 2005க்குப் பிறகு 2020இல்தான் புதிய மதிப்பீட்டுப் பட்டியல் நடைமுறைக்கு வந்தது. ஒத்திவைப்பதை அரசியல்வாதிகள் மக்களுக்குச் செய்த சலுகையாகப் பேசுவார்கள். எனக்கு அது அப்படித் தோன்றவில்லை. 1999 இறுதியோடு வாடகைக் கட்டுப்பாடு முடிந்தது, 2008இல் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் ஜார்ஜ்டவுன் இடம்பெற்றது. இவற்றுக்குப் பின் ஆர்மேனியன் தெருப் பக்கத்துக் கடைவீடுகளின் வாடகை ஏறிய வேகம் வேறு, புறநகரான ஆயர் ஈத்தாமில் ஒரு பழைய அடுக்குமாடி வீட்டின் வாடகை ஏறிய வேகம் வேறு. பழைய பட்டியல் நீடிக்கும்வரை, மதிப்பு அதிகம் உயர்ந்த சொத்தின் உரிமையாளரே அதிகம் மிச்சப்படுத்துகிறார். அடுக்குமாடிக்காரர் தன் பங்குக்கு மேல் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

ஒரு நியாயமான மறுப்பு உண்டு. பரம்பரைக் கடைவீட்டிலேயே குடியிருந்து, கடை முன்னுள்ள நடைபாதையான அஞ்சடியில் சிறு வியாபாரம் செய்யும் முதியவருக்கு, அண்டை வீட்டு வாடகை உயர்ந்ததால் கையில் காசு சேர்ந்துவிடுவதில்லை. அவருக்கு வரித் தள்ளுபடி கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். அவரைக் காரணம் காட்டித் தீவு முழுவதற்குமான பட்டியலையே பதினைந்து ஆண்டு உறங்கவிட்டதுதான் பொருந்தவில்லை.

அடுத்த பட்டியல் வெளியாகும்போது அறிவிப்புக் கடிதத்தில் ஆண்டு மதிப்பை மட்டும் பார்த்துக் கொதிக்காமல், பக்கத்தில் உள்ள விழுக்காட்டையும் பாருங்கள். மதிப்பு ஏறியும் விழுக்காடு இறங்காமலே இருந்தால் அது வெளிப்படையாகச் சொல்லப்படாத வரி உயர்வு. அதைக் கவுன்சிலரிடம் கேட்க வேண்டும். உங்கள் வீட்டின் மதிப்பு மட்டும் அக்கம்பக்கத்து வீடுகளைவிட ஏறியிருந்தால், குறித்த தேதிக்குள் எழுத்து மூலம் ஆட்சேபிக்கச் சட்டத்திலேயே இடமிருக்கிறது.