பின்னால் மடங்கிய ப்ரொப்பெல்லர்

ஜூன் 4

இன்று விமானத்தை உடைத்துவிட்டேன். சீட்பெல்ட் அழுத்தியதில் தோள் கன்றிப்போனது தவிர எனக்கு ஒன்றுமில்லை.

செஸ்னா 172, சின்னப் பயிற்சி விமானம். தனியாக ஓட்டுவது இது நான்காவது முறை. இறங்கும்போது 65 நாட் இருக்க வேண்டிய வேகம் 75 இருந்தது. பார்த்தேன், தானாகக் குறைந்துவிடும் என்று விட்டுவிட்டேன். ஓடுபாதைக்கு மேலே வந்தும் தரையைத் தொட மனமில்லாமல் அது மிதந்துகொண்டே போனது. பொறுமையில்லாமல் கொஞ்சம் அழுத்தினேன். மூக்குச் சக்கரம் முதலில் பட்டுத் துள்ளியது. மூக்கைக் கீழே தள்ளினேன். முன்னைவிட உயரமாகத் துள்ளியது. மறுபடி தள்ளினேன். மூன்றாவது தடவை முன்னால் ஏதோ முறிந்தது, கண்ணாடி முழுக்கத் தார் தெரிந்தது.

எரிபொருளை நிறுத்தும் மிக்ஸ்சர் பிடியை இழுத்து, எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோ, மின்சாரத்துக்கான மாஸ்டர் சுவிட்ச் எல்லாம் அணைத்தேன். ஹெட்செட்டைக் கழற்ற மறந்து இறங்கியதில் வயர் கழுத்தைப் பிடித்து இழுத்தது. பயிற்சி தரும் சார் மூச்சிரைக்க ஓடிவந்தார். "உனக்கு ஒண்ணும் இல்லையேப்பா?" விமானத்தை அப்புறம்தான் பார்த்தார்.

ஜூன் 5

நடந்ததை எழுதித் தரச் சொன்னார்கள். இரண்டாவது துள்ளலில் முழு த்ராட்டில், அதாவது எஞ்சினுக்கு முழு பவர், கொடுத்து மேலேறப் பார்த்தேன், அதற்குள் மோதிவிட்டது என்று எழுதினேன். எனக்கு அப்படித்தான் நினைவிருக்கிறது.

ஜூன் 6

ஹேங்கருக்குப் போனேன். மெக்கானிக் ப்ரொப்பெல்லர் நுனியைக் கட்டைவிரலால் தடவிக் காட்டினார். "ரெண்டும் பின்னால மடங்கியிருக்கு பாருங்க. பவர்ல சுத்தும்போது பட்டா பெரும்பாலும் முன்னால சுருளும். இது பவர் கொடுக்காம ஐடில்ல பட்டது." குற்றம் சொல்லும் குரலே இல்லை. கிராங்க் ஷாஃப்டில் விரிசல் விட்டிருக்கலாம், எஞ்சினை முழுக்கப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும் என்று வேறு விஷயத்துக்குப் போய்விட்டார்.

எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை. பொய் எழுத வேண்டும் என்று நினைத்து எழுதவில்லை. கை த்ராட்டிலைத் தள்ளிய உணர்வுகூட இருக்கிறது. ஆனால் அலுமினியத்துக்கு என்னைக் காப்பாற்ற ஒரு காரணமும் இல்லையே.

ஜூன் 7

அந்த வரியை அடித்துவிட்டு, "த்ராட்டில் கொடுக்கவில்லை" என்று எழுதி சாரிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டுக் காகிதத்தில் கணக்குப் போட்டார். 65க்குப் பதில் 75 என்றால், வேகத்தின் வர்க்கக் கணக்குப்படி, தரைக்குக் கொண்டுவரும் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு அதிகம். அது கரையும்வரை விமானம் உட்காராது. உட்கார வைத்தால் துள்ளும். துள்ளிய பிறகு மூக்கைத் தள்ளினால், அந்தத் தள்ளல் வேலை செய்யும் நேரத்தில் விமானம் ஏற்கெனவே விழுந்துகொண்டிருக்கும். அதனால்தான் ஒவ்வொரு துள்ளலும் முந்தையதைவிட மோசம்.

"75ன்னு பார்த்தியே, அங்கயே இறங்காம மேல ஏறி சுத்திட்டு வந்திருக்கலாம்" என்றார். அவ்வளவுதான் திட்டு.

ஜூன் 15

வேறு விமானம், பக்கத்தில் சார். முதல் இரண்டு சுற்றும் சரியாகவே இறங்கினேன். மூன்றாவதில் சக்கரம் பட்டுத் துள்ளியது. மூக்கைத் தள்ள இடது கை முன்னால் போகப் பார்த்தது, பிடித்து நிறுத்தினேன். வலது கை த்ராட்டிலைக் கடைசிவரை தள்ளியது. இந்த முறை எஞ்சின் சத்தம் நிஜமாகவே கேட்டது.

"ஃப்ளாப் 20" என்றார் சார், ஜன்னல் பக்கம் பார்த்தபடி. இறங்குவதற்காகக் கீழே விட்ட இறக்கை மடிப்புகளை 20 டிகிரிக்கு ஏற்றச் சொல்கிறார்.