சுண்டெலி திறந்த பாதையில் நின்றால் பதற்றம் குறைந்ததா?

மூலிகைச் சாறு பதற்றத்தைத் தணிக்கிறதா என்று பார்க்கப் பலரும் முதலில் எடுப்பது எலிவேட்டட் பிளஸ் மேஸ் என்ற உயர்த்திய மேடை. தரையிலிருந்து சுமார் 50 செ.மீ. உயரத்தில், கூட்டல் குறி வடிவில் நான்கு பாதைகள். இரண்டுக்குச் சுவர் உண்டு (மூடிய பாதை), இரண்டுக்கு இல்லை (திறந்த பாதை). சுண்டெலி திறந்த இடத்துக்கு அஞ்சும்; அங்கே கூடுதல் நேரம் இருந்தால் பதற்றம் குறைந்ததாகக் கொள்வார்கள். சுண்டெலிக்குப் பாதை 30 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலம். நடுவில் விட்டு 5 நிமிடம் பதிவு. நான்கு கால்களும் உள்ளே வந்தால்தான் ஒரு நுழைவு.

கோளாறு பெரும்பாலும் மேஸுக்கு முன்பே தொடங்கிவிடும். ‘பிராமி’ என்றால் நீர்ப்பிரமியும் வரும், வல்லாரையும் வரும். தாவரவியலாளரிடம் காட்டி உறுதிசெய்து, உலர்மாதிரி ஒன்றைப் பதிவெண்ணோடு வையுங்கள். அடுத்தது, சாறு இறக்கப் பயன்படும் எத்தனால் (ஆல்கஹால்). அதுவே பதற்றத்தைத் தணிக்கும் பொருள். சாற்றில் தங்கினால் செடிக்குப் போகாத பெருமை செடிக்குப் போய்விடும். ரோட்டரி எவாப்பரேட்டரில் (சுழற்றி ஆவியாக்கும் கருவி) 50 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்காமல் வற்றவைத்து, எடை இனிக் குறையாது என்ற நிலை வரை உலர்த்துங்கள்.

கிலோவுக்கு 200 மி.கி. அளவு, 10 மி.லி. கன அளவு என்றால் கரைசல் மி.லி.க்கு 20 மி.கி.; 25 கிராம் சுண்டெலிக்கு 0.25 மி.லி. சாறு 0.5% சி.எம்.சி.யில் (மருந்தைக் கலந்து கொடுக்கும் கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ் கரைசல்) கரையாது, துகள்களாக மிதக்கத்தான் செய்யும். ஒவ்வொரு முறையும் குலுக்காமல் உறிஞ்சினால் ஒரே குழுவுக்குள்ளேயே ஆளுக்கொரு அளவு போகும்.

சாற்றை வாய்வழியாகவும், ஒப்பீட்டுக்கான பதற்றத் தணிப்பு மருந்தான டயஸிபாமை ஊசியாகவும் கொடுத்துவிட்டு, கட்டுப்பாட்டுக் குழுவுக்கு வாய்வழி சி.எம்.சி. மட்டும் தருவது பரவலான தவறு. ஊசி குத்துவதே ஒரு பதற்றம். எல்லாவற்றையும் ஒரே வழியில் கொடுங்கள். முடியாவிட்டால் ஊசிக்குத் தனிக் கட்டுப்பாட்டுக் குழு வேண்டும்.

இனி எண்கள். திறந்த பாதையில் இருந்த நேரம் கூடியது என்பதை மட்டும் வைத்து முடிவு சொல்லாதீர்கள். சாறு விலங்கைப் பரபரப்பாக்கினால் எல்லாப் பாதைகளிலும் நுழைவு கூடும். மயக்கினால், திறந்த பாதையில் அப்படியே உட்கார்ந்துவிடும். ஆகவே மூடிய பாதை நுழைவுகளையும் எண்ணுங்கள். ஓப்பன் ஃபீல்டில் (திறந்த பெட்டி) நடமாட்டத்தையும் ரோட்டாராடில் (சுழலும் தண்டு) பிடிமானத்தையும் வேறு விலங்குகளில் பாருங்கள். எண்ணுபவருக்குக் குழு தெரியக் கூடாது.

ஒரே விலங்கை மருந்துக்கு முன்னும் பின்னும் மேஸில் ஏற்றி ஒப்பிடுவது இங்கே செல்லாது. ஒருமுறை மேஸில் ஏறிய சுண்டெலிக்கு மறுமுறை டயஸிபாமே சரியாக வேலை செய்யாது. 14 நாள் மருந்து கொடுத்தாலும் மேஸ் ஒரே ஒரு தடவைதான், கடைசியில்.