கூரை மேல ஏத்துன பாரம்

ஜோஹன்னஸ்பர்க்ல ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளுக்கு ரூஃப் ராக் (கூரை மேல சாமான் கட்டற சட்டம்), ஸ்பிரிங், பம்பர்னு சாமான் செய்யற ஒரு கம்பெனில டெஸ்டிங்ல இருந்தேன். சுசூகியோட மூணு கதவு ஜிம்னி ஜீப்புக்குன்னு புதுசா ஒரு ராக் பண்ணியிருந்தோம், அதை போட்ஸ்வானாவுல ஒரு வாரம் ஓட்டி, கேம்ப் போட்டு, தாங்குதான்னு பாத்துட்டு வாங்கன்னு என்னையும் ஒரு சீனியர் டெக்னீஷியனையும் அனுப்புனாங்க. அவர் போட்ஸ்வானாக்காரர், எனக்கு அப்பா வயசு. அந்த ஊர் வழக்கப்படி அவரை ‘ரா’ன்னுதான் கூப்பிடுவேன், நம்ம ‘ஐயா’ மாதிரி.

கிளம்பறதுக்கு முந்தின நாள் எடை போட்டு பாத்தோம். வண்டி சாமானோட சேர்ந்து 1435 கிலோ தாண்டக்கூடாது, வெறும் வண்டியே 1100 கிட்ட வந்துடுது. எங்க ரெண்டு பேர், 60 லிட்டர் தண்ணி, டேங்க் 40 லிட்டர்தான்ங்கறதால தனியா ரெண்டு கேன் பெட்ரோல், ஃப்ரிட்ஜ், டூல்ஸ், அவ்ளோதான், கணக்கு முடிஞ்சுபோச்சு. கூரைக்கு மேனுவல்ல 30 கிலோதான் போட்டிருக்கு, ஆனா வாங்கறவங்க ரூஃப் டென்ட், அதாவது கூரை மேலயே விரிச்சுப் படுக்கற கூடாரம், மாட்டாம விடமாட்டாங்க, அதனால நாமளும் மாட்டித்தான் பாக்கணும்னு ஆபீஸ்ல முடிவு. ராக்கும் டென்ட்டும் சேர்ந்து 70 கிலோ. எனக்கு அப்பவே மனசு ஒப்பல, ஆனா எழுத்துல எதுவும் சொல்லல, அது என் தப்பு.

லெட்லகானே, ம்மாட்ஷுமோ வழியா குபு தீவு வரைக்கும் பிரச்சனையே இல்ல. காஞ்சு வெடிச்ச உப்புத்தரை, நடுவுல கருங்கல்லு பாறையும் பாவோபாப் மரமுமா நிக்குது. மேலாப்ல காய்ஞ்ச மாதிரி தெரிஞ்சாலும் அடியில சாம்பல் கலர் சேறு இருக்கும், அதனால பழைய தடத்தை விட்டு ஒரு அடி கூட விலக விடமாட்டார் ரா.

ராகோப்ஸ் தாண்டி மத்திய கலஹாரி வனவிலங்கு காப்பகத்துக்குப் போற மணல் ரோட்டுலதான் வண்டி பேச ஆரம்பிச்சது. தடம் முழுக்க லேண்ட் க்ரூஸரும் ஹைலக்ஸும் ஓடி ஓடி விழுந்தது, மாட்டு வண்டித் தடம் மாதிரி ரெண்டு பள்ளம், நடுவுல புல்லு மொளச்ச மேடு. அந்த மேட்டை தென்னாப்பிரிக்காவுல மிடல்மனெகின்னு சொல்வாங்க, நடுவுல நிக்கிற குட்டி ஆளுன்னு அர்த்தம். ஜிம்னி அகலம் கம்மி, ரெண்டு பக்க சக்கரமும் ஒரே நேரத்துல பள்ளத்துல உக்காராது. ஒரு பக்கம் பள்ளத்துல, இன்னொரு பக்கம் மேட்டு சரிவுல ஏறி, வண்டி சாஞ்சுகிட்டே ஓடும். சாஞ்சு நிமிரும்போது கூரை மேல இருக்கற 70 கிலோ ஒரு நொடி லேட்டா வந்து இன்னொரு தள்ளு தள்ளும், ஸ்டீயரிங் புடிச்ச கைக்கு அது நல்லா தெரியும். டயர்ல ஏரை 1 பாருக்கு இறக்கியும், வேகம் கம்மியா இழுவை ஜாஸ்தியா இருக்கற லோ ரேஞ்ச் கியர்லதான் ஏற முடிஞ்சது. கொஞ்ச தூரத்துக்கு ஒரு தடவை நிறுத்தி, அடியில குனிஞ்சு எக்ஸாஸ்ட் பக்கம் சிக்கின காஞ்ச புல்லை ரா கையாலயே உருவி எடுப்பார். அதை விட்டா வண்டியே எரிஞ்சு போயிடும், அங்க எரிஞ்சுபோன வண்டிங்க உண்டு.

மூணாவது நாள் சாயங்காலம் டிசெப்ஷன் வேலி கேம்ப்ல போல்ட் செக் பண்ணேன். ஒவ்வொரு போல்ட் மேலயும் பக்கத்து தகட்டுலயும் சேர்த்து மஞ்சள் பெயிண்ட்ல ஒரு கோடு இழுத்திருப்போம், போல்ட் அசைஞ்சா கோடு உடைஞ்சு தெரியும். ராக்கோட பின்னாடி இடது கால்ல கோடு கால் சுத்து விலகி நின்னுச்சு. க்ளாம்பைக் கழட்டுனா, கூரை ஓரத்துல மழைத்தண்ணி வடியற பட்டையில பெயிண்ட் போயி, ஒரு விரக்கடை நீளத்துக்கு இரும்பு பளபளன்னு தெரியுது. செம்மண் தூசி க்ளாம்புக்குள்ள புகுந்து உப்புத்தாள் போட்டுத் தேச்ச மாதிரி தேச்சிருக்கு. ஒரகடம் டெஸ்ட் ட்ராக்குல வேலை பாத்தப்போ மேடுபள்ளம் எல்லாம் அளந்து வச்சது, தூசி அங்க கணக்குலயே கிடையாது.

மறுநாள் காலையில ரா சொன்னார், "எல்லாத்தையும் இறக்கி வை, ஒரு தடவை சும்மா ஓட்டிப் பாரு." டென்ட், ராக் ரெண்டையும் கேம்ப்ல வச்சுட்டு அதே மணல், அதே பிரஷர்ல போனேன். லோ ரேஞ்ச் போடாம, நாலு சக்கரமும் இழுக்கற ஃபோர் ஹைல, ரெண்டாவது கியர்ல, மூச்சு வாங்காம ஏறிடுச்சு. அந்த வண்டியோட பலமே எடை கம்மியா இருக்கறதுதான், நாங்க காசு வாங்கிட்டு அதைத்தான் பிடுங்கி வச்சிருக்கோம்னு அந்த நிமிஷம் உறைச்சுது. அன்னிக்கு ராத்திரி தரையில சாதா டென்ட் போட்டுப் படுத்தோம், ஜூலை குளிர்ல தண்ணி கேன் மேல ஐஸ் புடிச்சிருந்தது, தூரத்துல சிங்கம் கத்துது, எனக்குத் தூக்கமே வரல. ரூஃப் டென்ட் ஏன் கேக்கறாங்கன்னும் அப்போ நல்லாவே புரிஞ்சுது.

திரும்பி வந்து ரிப்போர்ட்ல க்ளாம்பு அடியில ரப்பர் வேணும், இந்த வண்டிக்கு டென்ட் சேர்த்து ராக் விக்கவே கூடாதுன்னு எழுதினேன். ரப்பருக்கு உடனே சரின்னாங்க. ரெண்டாவது விஷயத்துக்கு மூணு மீட்டிங் ஆச்சு, கடைசில ராக் எடையும் சேர்த்து 30 கிலோதான்னு டப்பா மேல அச்சடிக்க ஒத்துக்கிட்டாங்க, ஆனா விக்கறதை நிறுத்தல. அதுக்கப்புறம் யாராவது போன் பண்ணி டென்ட் மாட்டலாமான்னு கேட்டா, முதல்ல தண்ணி எத்தனை லிட்டர் கொண்டு போறீங்க சார்னுதான் கேப்பேன்.