சுட்டவனுக்குத் தெரியுமா?

உள்நாட்டுப் போரில் சொந்த ரத்தத்தையே சுட்டுவிடும் கதையை எழுதுபவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது ஒன்றுதான்: எதிரே இருப்பது யாரென்று சுடுபவனுக்குத் தெரியுமா, தெரியாதா? எதை எங்கே வைப்பது என்பதெல்லாம் அதற்கப்புறம்தான்.

தெரியாத கதைக்கு ஐரிஷ் எழுத்தாளர் லியாம் ஓ'ஃபிளாஹர்டியின் 'தி ஸ்னைப்பர்'. அயர்லாந்தில் உள்நாட்டுப் போர் ஓய்ந்தது 1923 மே மாதம். கதை அச்சானது அதே ஆண்டு ஜனவரியில். ஓ'ஃபிளாஹர்டி, பிரிட்டனோடு செய்த 1921 ஒப்பந்தத்தை எதிர்த்த குடியரசுத் தரப்பில் நின்றவர். ஆனாலும் அந்த ஒப்பந்தம் நாட்டு மக்களை இரண்டு அணியாக்கியது பற்றிக் கதையில் ஒரு விளக்கமும் கிடையாது. டப்ளினில் ஓ'கானல் பாலத்தருகே ஒரு கூரையில் இவன், எதிர்க்கூரையில் அவன். யாருக்கும் பெயரில்லை. பெயர் வந்தால் பின்னாலேயே குடும்பப் பெயரும் வந்துவிடும், முடிவு கசிந்துவிடும்.

கடைசி வரியில் பிணத்தைப் புரட்டினால் உடன்பிறந்தவனின் முகம். மலிவான திருப்பம் என்று இதை ஒதுக்குபவர்கள் அதற்கு முன் நடக்கும் வேலையைக் கவனிப்பதில்லை. இவ்வளவு நன்றாகச் சுட்டவன் யார், படை பிளவுபடுவதற்கு முன் நம் படைப்பிரிவிலேயே இருந்தவனோ என்று இவனுக்கு ஒரு தொழில்முறை ஆவல். அந்த ஆவல் இல்லையென்றால் துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே தெருவைக் கடக்க அவனுக்கு ஒரு காரணமும் இல்லை. இன்னொன்று, துக்கம் வரும் இடம். எதிரி கூரையிலிருந்து விழுந்த உடனேயே பல் கிட்டிக்கப் போரையும் தன்னையும் சபித்துத் தீர்த்துவிடுகிறான். ரிவால்வரை வீசி எறிய, அது வெடித்து, அந்த அதிர்ச்சியில் தெளிகிறான். முகத்தைப் பார்க்கும்போது சொல்ல எதுவும் மிச்சமில்லை. முகம் தெரிந்த பிறகு ஒரு பத்தி புலம்ப வைத்துத்தான் பலர் கதையைக் கெடுக்கிறார்கள்.

தெரிந்தே சுடும் கதை இதைவிடக் கடினம். அமெரிக்க எழுத்தாளர் ஆம்புரோஸ் பியர்ஸின் 'எ ஹார்ஸ்மேன் இன் த ஸ்கை' 1889-ல் வந்தது. தெற்குத் தரப்பிலிருந்த வர்ஜீனியாவைச் சேர்ந்த கார்ட்டர் டுரூஸ், அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கிய 1861-ல் எதிர்த்தரப்பான வடக்குப் படையில் சேர்கிறான். எது நேர்ந்தாலும் உன் கடமை என்று படுவதைச் செய் என்று சொல்லி அனுப்புகிறார் தந்தை. தாயோ சாகக் கிடக்கிறாள். காவல் வேலையில் தூங்கிப்போனவனின் முன்கதையாக இதைச் சொல்லிவிட்டு பியர்ஸ் நகர்ந்துவிடுகிறார். பாறை விளிம்பில் குதிரைவீரன் தென்படும்போது டுரூஸ் வெளிறுகிறான், நடுங்குகிறான். போரில் எதிரியைக் கொல்வது அவ்வளவு கொடுமையா என்று கதைசொல்லி உடனே கேட்டுவிடுவதால் நடுக்கத்துக்குக் காரணம் அதுதான் என்று நாமும் நம்பிவிடுகிறோம். குறி குதிரைக்குத்தான் வைக்கப்படுகிறது, ஆளுக்கு அல்ல. முதல் வாசிப்பில் அது உறுத்துவதேயில்லை. பிறகு குதிரையோடு ஒருவன் வானில் பாய்ந்து வருவதைக் கீழே நிற்கும் ஓர் அதிகாரி பார்க்கும் பகுதி. நம் கவனத்தை மகனிடமிருந்து விலக்குவதுதான் அதன் வேலை.

பாத்திரத்தின் மனசுக்குள் தாராளமாகப் புகுந்துகொண்டே ரகசியத்தை மட்டும் மறைத்தால் அது மோசடி. பியர்ஸ் அந்த இடத்தில் உடம்பை மட்டும் காட்டுவதால் தப்பிக்கிறார்.

குதிரைமேல் யார் என்று சார்ஜென்ட் கேட்க, என் தந்தை என்கிறான் டுரூஸ். சார்ஜென்ட் 'கடவுளே!' என்றபடி நடந்துபோகிறார். அந்த 'கடவுளே'யையும் வெட்டியிருக்கலாம் என்பது என் கட்சி.