மஞ்சள் மீட்டரின் மூன்றாவது ஓட்டை

பிப்ரவரி 2, ஞாயிறு

மூன்று நாள் ஓட்டாமல் நிறுத்தினால் போதும், கார் செல்ஃப் எடுப்பதில்லை. பேட்டரி வாங்கி ஒன்றரை வருடம்தான் ஆகிறது. மெக்கானிக் பார்த்துவிட்டு "டைனமோவைக் கழட்டணும் சார்" என்றார். கழற்றக் கொடுப்பதற்கு முன் நானே ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று மஞ்சள் மல்டிமீட்டரை எடுத்தேன். பாதி வீடுகளின் டிராயரில் கிடக்குமே, ஒன்பது வோல்ட் பேட்டரி போட்டு நடுவில் பெரிய குமிழ் வைத்தது, அதேதான். இருநூறு ரூபாய்க்கு வாங்கி ஏழெட்டு வருடம் இருக்கும்.

இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 14.1 வோல்ட் காட்டியது. டைனமோமேல் குற்றமில்லை. அணைத்துவிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 12.5. பேட்டரிமேலும் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அப்படியென்றால் வண்டி தூங்கும்போது எதுவோ கரண்டைக் குடிக்கிறது.

அதை அளக்க மைனஸ் டெர்மினலைக் கழற்றி, வயருக்கும் பேட்டரிக்கும் நடுவில் மீட்டரைச் சேர்க்க வேண்டும். சிவப்பு ப்ரோப்பை மேலே இருக்கும் 10 ஆம்பியர் ஓட்டைக்கு மாற்றினேன். 0.31 ஆம்பியர். சாதாரணமாக 0.05-க்குள் இருக்க வேண்டியது. ஒரு நாளைக்கு ஏழு ஆம்பியர்-மணிக்கு மேல் போகிறது. என் பேட்டரி மொத்தமே 35. மூன்று நாள் கணக்கு அப்படியே பொருந்தியது. ஏதோ துப்பறிந்துவிட்ட சந்தோஷத்தோடு டெர்மினலை மாட்டிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

சாப்பிடும்போது அம்மா, "கையில மீட்டர் இருக்கே, அந்த வாஷிங் மெஷினையும் பாரேன்டா. ஈரக்கையோட தொட்டா சுர்ருங்குது" என்றார். ரொம்ப நாளாகச் சொல்கிறார். சரி என்று குமிழை ஏசி 750 வோல்ட்டுக்குத் திருப்பினேன். சரியாகத்தான் திருப்பினேன். பிளக்கில் பேஸ், நியூட்ரல் இரண்டிலும் ப்ரோப்பை வைத்தேன்.

பட்டென்று ஒரு வெடி. நீல வெளிச்சம். மெயின் பாக்ஸில் எம்சிபி (கரண்ட் எகிறினால் தானே அணையும் சுவிட்ச்) விழுந்து பின்கட்டு முழுக்க இருட்டு. கையில் இருந்த சிவப்பு ப்ரோப்பின் முனை பாதி உருகிப் போயிருந்தது. கைக்கு ஒன்றும் ஆகவில்லை. அது என் சாமர்த்தியமில்லை, எம்சிபியின் புண்ணியம்.

சிவப்பு வயர் இன்னும் 10 ஆம்பியர் ஓட்டையிலேயே இருந்தது.

பிப்ரவரி 3

இரவு மீட்டரைத் திறந்து பார்த்தேன். 10 ஆம்பியர் ஓட்டைக்கும் கறுப்பு வயர் சொருகும், கீழே உள்ள காம் ஓட்டைக்கும் நடுவில் வளைத்து வைத்த ஒரு தடித்த கம்பி. அவ்வளவுதான், ஃபியூஸ் கிடையாது. குமிழை எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்தக் கம்பி இரண்டு ஓட்டைகளையும் சேர்த்தேதான் வைத்திருக்கும். அதாவது நான் பிளக்கில் சொருகியது மீட்டரை அல்ல, ஒரு துண்டு கம்பியை. ஓட்டைக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் இல்லை என்று பொடி எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள். இத்தனை வருடத்தில் நேற்றுதான் படித்தேன்.

1923-இல் வந்த ஏவோமீட்டர்தான் இந்த வகையின் தாத்தா. டொனால்ட் மெக்காடி என்கிற பிரிட்டிஷ் தபால் துறை இன்ஜினியர், தொலைபேசி லைன் வேலைக்கு நாலைந்து கருவிகளைச் சுமந்து அலுத்துப்போய், ஆம்பியர், வோல்ட், ஓம் மூன்றையும் ஒரே பெட்டிக்குள் போட்டார். நல்ல காரியம்தான். ஆனால் வோல்ட் அளக்கும் மீட்டர் கரண்டை உள்ளே விடவே கூடாது; ஆம்பியர் அளக்கும் மீட்டர் தடையே இல்லாமல் விட வேண்டும். இந்த நேரெதிர் குணங்களை ஒரே பெட்டியில் பிரித்து வைப்பது நாம் எந்த ஓட்டையில் சொருகுகிறோம் என்பது மட்டும்தான். கார் வேலைக்கு ஆம்பியர் ஓட்டை அடிக்கடி வேண்டும், வீட்டு வேலைக்கு அது எமன். இரண்டுக்கும் ஒரே மீட்டர் வைத்திருப்பவன் என்றைக்காவது மறப்பான்.

பிப்ரவரி 8, சனி

ஞாயிறன்று கடைகள் இருக்காது என்பதால் இன்றே ரிச்சி தெரு, சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தை. முதல் கடையில் ஆறாயிரம் கவுண்ட் (அளவை எத்தனை படிகளாகப் பிரித்துக் காட்டும் என்பது), வெப்பநிலை, டிரான்சிஸ்டர் சோதனை என்று அடுக்கினார்கள். எனக்கு 12.5-க்கும் 12.4-க்கும் வித்தியாசம் தெரிந்தால் போதும். அதை இரண்டாயிரம் கவுண்ட் மஞ்சள் மீட்டரே காட்டுகிறது.

இரண்டாவது கடையில் பெரியவர் ஒருவர் "என்ன வேலைக்கு சார்?" என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். சிரிக்கவில்லை. "எல்லாரும் ஒரு தடவை பண்ணுறதுதான். ஆம்பியர் ஓட்டையே இல்லாததா எடுத்துக்குங்க" என்றார். இது எனக்குத் தோன்றவே இல்லை.

அவர் எடுத்து வைத்தவை இரண்டு. ஒன்று ஃப்ளூக் 101. உள்ளங்கை அளவு, பாதுகாப்புத் தரம் கேட் 3, 600 வோல்ட். கரண்ட் அளக்கும் வசதியே கிடையாது, அதனால் என் தப்பை இதில் செய்யவே முடியாது. வீட்டுக்கு மட்டும் என்றால் யோசிக்காமல் இதை எடுத்திருப்பேன். இன்னொன்று யூனி-டி யுடி210இ என்கிற சின்ன கிளாம்ப் மீட்டர். வயரைக் கழற்றாமல் வாயால் கவ்விக் கரண்ட்டை அளக்கும். ஏசி மட்டும் அளக்கும் கிளாம்ப்புகள்தான் கடைகளில் அதிகம். அவை டிரான்ஸ்பார்மர் போல வேலை செய்பவை, காரின் டிசி அவற்றின் கண்ணுக்கே தெரியாது. இதில் காந்தப் புலத்தை உணரும் ஹால் சென்சார் இருப்பதால் டிசியும் வரும். 2 ஆம்பியர் ரேஞ்சில் ஒரு மில்லியாம்பியர் வரை காட்டும்.

கேட் எண்ணையும் கவனித்தேன். பிளக்கில் சொருகும் சாமான்களுக்குக் கேட் 2, மெயின் பாக்ஸுக்குக் கேட் 3, ஈபி மீட்டருக்கு வரும் லைனுக்குக் கேட் 4. கிளாம்ப்பில் கேட் 3-க்கு 300 வோல்ட் என்று போட்டிருக்கிறது. நம் 230-க்குப் போதும், தாராளம் என்று சொல்ல மாட்டேன். ட்ரூ ஆர்எம்எஸ் (அலை எந்த வடிவில் இருந்தாலும் சரியாக அளக்கும் வசதி) இருப்பது பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்களுக்கு உதவும். அது இல்லாத மீட்டர் சுத்தமான சதுர அலையை 11 சதவீதம் கூட்டிக் காட்டும்; 230 என்பது 255 ஆகத் தெரியும்.

கிளாம்ப்பை வாங்கினேன். மஞ்சள் மீட்டரைப் போல இருபது மடங்கு விலை. வீட்டில் பாதியைத்தான் சொல்லியிருக்கிறேன்.

பிப்ரவரி 9

காலையில் காரில் கவ்வினேன். 0.38. கையைக் கொஞ்சம் திருப்பினால் 0.35. பூமியின் காந்தம்கூட இதற்குத் தெரிகிறது. வயருக்குப் பக்கத்தில் அதே கோணத்தில் பிடித்து, ஜீரோ பட்டனை அழுத்திவிட்டுக் கவ்வினால்தான் சரியாக வருகிறது. அப்படிச் செய்ததும் 0.31, போன வார அளவேதான்.

இப்போது கிளாம்ப்பைத் தொங்கவிட்டு ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். டோம் லைட் இல்லை, ஹாரன் இல்லை, மியூசிக் சிஸ்டம் ஃபியூஸ் வந்ததும் 0.02. ஸ்டீரியோவோடு போட்ட ஆம்ப்தான் (சத்தத்தைக் கூட்டும் ஆம்ப்ளிஃபயர்). ஸ்டீரியோ ஓடும்போது மட்டும் ஆம்ப்பை எழுப்ப ஒரு ரிமோட் வயர் உண்டு, பெரும்பாலும் நீலம். மாட்டிய புண்ணியவான் அதைப் பேட்டரியிலிருந்து நேராக வரும் மஞ்சள் வயரோடு முறுக்கி டேப் சுற்றியிருக்கிறார். இரவு முழுக்க ஆம்ப் விழித்தே இருந்திருக்கிறது. பிரித்து மாட்ட பத்து நிமிடம்.

ஒரு குறை. செல்ஃப் அடிக்கும்போது எவ்வளவு இழுக்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டேன். 100 ஆம்பியர்தான் எல்லை, ‘ஓஎல்’ என்று கை விரித்துவிட்டது. பரவாயில்லை, அந்த நேரத்தில் பேட்டரி வோல்ட் 10.4-க்குக் கீழே இறங்கவில்லை.

மஞ்சள் மீட்டரும் சாகவில்லை. வோல்ட் இன்னும் சரியாகக் காட்டுகிறது. புது ப்ரோப் போட்டு, 10 ஆம்பியர் ஓட்டையை எம்-சீல் வைத்து அடைத்துவிட்டேன். இனி அது பன்னிரண்டு வோல்ட்டுக்கு மட்டும்.

பிப்ரவரி 16

கார் நான்கு நாள் நின்றது. முதல் சாவியிலேயே எடுத்தது.

மெஷின் பிளக்குக்கு இன்றுதான் தைரியம் வந்தது. புது மீட்டர், ரப்பர் செருப்பு, சிவப்பு வயர் எங்கே என்று இரண்டு தடவை பார்த்தாயிற்று (இதில் மாற்றிச் சொருக வேறு ஓட்டையே இல்லை, பழக்கத்துக்குப் பார்த்தேன்). பேஸ்-நியூட்ரல் 232. பேஸ்-எர்த் 118. நியூட்ரல்-எர்த் 113.

முதலில் மாயத் தோற்றம் என்று நினைத்தேன். இந்த மீட்டர்களின் உள்தடை மிக அதிகம் என்பதால், எங்கும் சேராத வயர்கூடப் பக்கத்து வயரிலிருந்து கசியும் வோல்ட்டைக் காட்டும். ஆனால் மெஷின் பிளக்கைப் பிடுங்கியதும் நூற்றுச் சொச்சம் சட்டென்று விழுந்தது. சொருகினால் திரும்ப வருகிறது. அப்போதுதான் விளங்கியது. மெஷினுக்குள் இரைச்சல் வடிகட்டும் கெபாசிட்டர்கள் பேஸிலிருந்து ஒன்றும் நியூட்ரலிலிருந்து ஒன்றுமாக எர்த்தோடு சேர்ந்திருக்கும். எர்த் மண்ணுக்குப் போனால் அந்தத் துளிக் கரண்டும் அங்கே போய்விடும். போகாவிட்டால் மெஷினின் உடம்பே பாதி வோல்ட்டில் மிதக்கும்.

மெயினை அணைத்துவிட்டு சுவிட்ச் போர்டைக் கழற்றினேன். எர்த் துளையின் பின்னால் பச்சை வயர் இருந்தது. நாலு அங்குல நீளம். மறுமுனை எதிலும் சேராமல் பெட்டிக்குள்ளேயே மடித்து வைக்கப்பட்டிருந்தது.

எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன், புதன்கிழமை வருகிறார். அதுவரை மெஷினைத் தொட வேண்டாம் என்றதற்கு அம்மா, "நான் சொன்னப்ப யாரும் கேக்கல, மீட்டர் சொன்னா கேக்குறீங்க" என்றார்.