ரிப்போர்ட் எல்லாம் நார்மல், மூச்சு மட்டும் நிறையவில்லை

ஃபைப்ரோமயால்ஜியா என்றால் உடம்பு வலி, அசதி, தூக்கமின்மை என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். மூச்சைப் பற்றி யாரும் பேசவில்லை. எனக்கோ துணி காயப்போட மாடி ஏறினாலே நெஞ்சைக் கயிறு போட்டுக் கட்டியது போலிருக்கும். கொட்டாவி வந்தால்தான் மூச்சு முழுசாக உள்ளே போகும்.

ஈசிஜி, எக்கோ, எக்ஸ்ரே, ஹீமோகுளோபின், தைராய்டு எல்லாம் பார்த்தார்கள். பார்க்கத்தான் வேண்டும், இந்த நோய் இருப்பவருக்கு ஆஸ்துமாவும் ரத்தசோகையும் வராது என்று சட்டமா என்ன? நுரையீரல் எவ்வளவு காற்றை ஊதுகிறது என்று அளக்கும் ஸ்பைரோமெட்ரிதான் படுத்திவிட்டது. மூக்கில் கிளிப்பை மாட்டி, குழாயைக் கவ்வவைத்து, "ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க" என்று டெக்னீஷியன் கத்துகிறார். அப்புறம் இன்ஹேலர் கொடுத்து, கால் மணி நேரம் உட்காரவைத்து, மறுபடியும் அதே ஊதல். அன்று ராத்திரி புரண்டு படுக்க முடியவில்லை. ரிப்போர்ட் நார்மல். "டென்ஷன்தாம்மா" என்றார் ஒரு டாக்டர். மூச்சு முட்டினால் டென்ஷன் வராமல் வேறென்ன வரும்?

கடைசியில் வாதநோய் டாக்டர்தான் நெஞ்செலும்பை ஒட்டி, இரண்டாவது விலா சேரும் இடத்தில் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். அலறிவிட்டேன். 1990-இல் இந்த நோயைக் கண்டுபிடிக்க வகுத்த 18 வலிப் புள்ளிகளில் இரண்டு அங்கேதான் இருக்கின்றனவாம். வலிக்குப் பயந்து விலாவை விரிக்காமல், கழுத்தாலும் தோளாலும் குட்டிக் குட்டியாக மூச்சு இழுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அப்படி வேகவேகமாக இழுத்தால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து விரல் நுனியும் உதடும் மரத்துப்போகும் என்றார். எனக்கு அப்படியேதான் இருந்தது. வீட்டில் "நல்லா இழுத்து விடு" என்று சொல்லச் சொல்ல மரப்பு அதிகமானதும் அதனால்தான்.

பிசியோதெரபிஸ்ட் மல்லாந்து படுக்கவைத்து, முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்தார். நெஞ்சில் ஒரு கை, வயிற்றில் ஒரு கை. வயிற்றுக் கை மட்டும்தான் ஏறி இறங்க வேண்டும். இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்க வேண்டும். ஆரம்பத்தில் தலை சுற்றியது. கொஞ்ச நேரம் போதும், தினமும் செய்யுங்கள் என்றார். வலி போய்விடவில்லை, ஆனால் மாடிப்படியில் பாதியில் உட்காருவது குறைந்திருக்கிறது.

இன்னொன்று. இந்த வலிக்காக நான் பிரிகாபலின் என்ற மாத்திரை சாப்பிடுகிறேன். அதோடு டிரமடால் மாதிரி ஓபியாய்டு (அபின் வகை) வலி மாத்திரை சேர்ந்தால் மூச்சு மந்தமாகலாம் என்று 2019-இலேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரித்திருக்கிறது. பல் டாக்டரிடம்கூட இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திடீரென்று மூச்சு திணறினாலோ, வலி கைக்கோ தாடைக்கோ பரவினாலோ, ஒரு கால் மட்டும் வீங்கினாலோ ஃபைப்ரோ என்று வீட்டில் படுத்திருக்காமல் நேராக எமர்ஜென்சிக்குப் போகச் சொல்லியிருக்கிறார்கள்.