பி.எஃப். பணமா, கல்விக் கடனா?

30 ஜூலை 2025, தண்டையார்பேட்டை

பொறியியல் கலந்தாய்வில் மகளுக்கு இடம் கிடைத்துவிட்டது. நான்கு ஆண்டுக் கட்டணம், விடுதி எல்லாம் சேர்த்து ஆறு லட்ச ரூபாய் ஆகும். "பி.எஃப்.ல எடுத்துடுங்க மாமா, உங்க பணம்தானே, வட்டியும் கிடையாது" என்றார் மைத்துனர். இரவு பி.எஃப். (தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி) பாஸ்புக்கைத் திறந்து பார்த்தேன். தொழிலாளர் பங்கு, முதலாளி பங்கு, ஓய்வூதியப் பங்கு என மூன்று பத்திகள். ஏழாண்டு உறுப்பினராக இருந்தால், பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட பிள்ளைகளின் படிப்புக்கு எடுக்கலாம். ஆனால் முதல் பத்தியில் வட்டியோடு சேர்ந்திருப்பதில் பாதிதான் கைக்கு வரும். என் கணக்கில் அது மூன்று லட்சம்.

2 ஆகஸ்ட்

இதற்கு முன்பணம் என்று பெயர். திருப்பிக் கட்டத்தான் வழியில்லை. மாதாமாதம் கூடுதலாகப் பிடிக்கச் சொல்லலாம்தான், ஆனால் கல்லூரிக் கட்டணம் கட்டுகிற வீட்டில் அது நடக்கிற காரியமா? இன்றைய 8.25 சதவீத வட்டி அப்படியே நீடித்தால், நான் ஓய்வு பெறும் பத்தாண்டில் இந்த மூன்று லட்சம் ஆறரை லட்சத்தைத் தாண்டும். ஓய்வூதியத்தை நம்பலாம் என்றால், அதற்கான ஊதிய வரம்பே 15,000 ரூபாய்தான். ஓய்வூதியக் கணக்கில் சேரும் சேவை முப்பதாண்டு என்றால், அந்த வரம்பை 70-ஆல் வகுத்து 30-ஆல் பெருக்கினால் மாதம் 6,428 ரூபாய் வருகிறது; வீட்டு வாடகைக்கே காணாது.

5 ஆகஸ்ட்

வங்கிக்குப் போய் வந்தேன். கல்விக் கடனுக்கு அவர்கள் சொன்ன வட்டி பி.எஃப். வட்டியைவிடக் கூடுதல் என்பதால் மைத்துனர் பேச்சிலும் நியாயம் உண்டு. ஆயினும் நான்கு லட்சம் வரை அடமானமும் வேண்டாம், நம் கைப்பணமும் வேண்டாம். படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத் தவணை தொடங்கினால் போதும். "பொண்ணைக் கடனோடவா வேலைக்கு அனுப்புவீங்க?" என்று மனைவி வருந்தினாள். சம்பாதிக்க அவளுக்கு நாற்பது ஆண்டுகள் இருக்கின்றன, எனக்குப் பத்துதான் என்பது என் பதில். கடைசியில், நான்கு லட்சத்துக்குக் கடன், விடுதிக்கும் முதல் பருவத்துக்கும் மட்டும் பி.எஃப். என்று முடிவானது.

19 ஆகஸ்ட்

பி.எஃப். முன்பணத்துக்கு நான் போட்ட விண்ணப்பம், படிவம் 31, திரும்பி வந்துவிட்டது. ஆதாரில் அப்பாவின் பெயர் முழுமையாக இருக்கிறது, நிறுவனப் பதிவில் முன்னெழுத்து மட்டும். என்னுடையது 2017 அக்டோபருக்கு முந்தைய யூ.ஏ.என். (பி.எஃப். உறுப்பினர் எண்) என்பதால், திருத்தத்துக்கு நிறுவனமும் ஒப்புதல் தரவேண்டும். கல்லூரிக் கட்டணத்தின் கடைசித் தேதி அதுவரை காத்திருக்காது. மனைவியின் வளையல்கள் நகைக் கடனுக்குப் போயின.

14 அக்டோபர்

பணம் வந்து நகையை மீட்டாயிற்று. நேற்று பி.எஃப். மத்திய அறங்காவலர் குழு விதிகளைத் தளர்த்த முடிவெடுத்ததாம்: ஓராண்டு சேவை போதும், படிப்புக்குப் பத்து முறை எடுக்கலாம், முதலாளி பங்கிலும் எடுக்கலாம், 25 சதவீதம் மட்டும் கணக்கில் இருக்கவேண்டும். மணலியில் எங்கள் ஷிப்டில் இளைஞர்கள் இதைக் கொண்டாடுகிறார்கள். பத்து முறை என்பது எனக்கு அச்சமாகவே இருக்கிறது; அந்த 25 சதவீத நிபந்தனையைத்தான் நான் வரவேற்பேன். கடனை விட்டுவிட்டு இதிலேயே கட்டிவிடலாமே என்று மைத்துனர் மறுபடியும் கேட்டார். இரண்டாம் பருவக் கட்டணத்தை வங்கியே நேரடியாகக் கல்லூரிக்கு அனுப்பட்டும் என்று சொல்லிவிட்டேன்.